கரண்டி கறுத்த ஆழம்

வார்னா, நவம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், எதையும் மறைக்கவில்லை. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று எங்கள் வகுப்பை ஆய்வுக் கப்பலில் கூட்டிப்போனார்கள். தண்ணீர் அள்ளும் குழாயோடு ஒரு வெள்ளிக் கரண்டியைக் கட்டி முந்நூறு மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார் கேப்டன் தொடோர் மாமா. கரண்டி கறுத்துப்போய் வந்தது. தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம்.

"மூக்கப் பொத்தாத பொண்ணு, இது உன் பாட்டனுக்கும் பாட்டன் விட்ட மூச்சு," என்றார்.

மீன்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு பூமியின் கடல்கள் பலவும் இப்படித்தான் இருந்தனவாம். கருங்கடலின் ஆழத்தில் இன்றும் ஆக்சிஜன் இல்லை. கரண்டியைக் கறுப்பாக்கிய கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் மட்டுமே உண்டு.

"அப்போ மீனு?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"அங்க போனா செத்துடும்மா. முங்கின கப்பலோட மரம்கூட ஆயிரம் வருஷமா அப்படியே கெடக்கு."

அப்பாவின் படகு மூழ்கிய இடத்தை வரைபடத்தில் பார்த்தேன். அங்கே ஆழம் நானூறு மீட்டர். எனக்கு அழுகை வரவில்லை.

மேலே நூறு மீட்டர் வரை மீன்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பா படகின் அறைக்குள் இருந்தார். படகு வேகமாக இறங்கியிருக்கும்.

போன வருடம், எல்லா வீட்டிலும் மீன் சமைக்கும் புனித நிக்கோலாஸ் நாளில், அது அப்பா பெயர் கொண்ட புனிதரின் நாளாக இருந்தும், நீ மீன் சமைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பாவை எந்த மீனும் தொட்டிருக்காது. இந்த டிசம்பரில் சமை, அம்மா. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை.

அப்பாவின் கம்பளிக் காலுறைகளை அனுப்பு. பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே குளிர்.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

தெசிஸ்லாவா