பசை படாத பல்

பிப்ரவரி 9

காலை முழுவதும் தாடை எலும்புகளுக்குத் தூசி தட்டினேன். என் குட்டைக் குரங்கு. தென்மலைக் குகையில் நான் தோண்டியெடுத்து, நானே பெயர் வைத்த இனம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்தத் தீவில் மனிதர் கால் வைக்கும் முன்பே அழிந்தது என்று பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்டது. இப்போது தென்மலைக் காட்டை வெட்டிச் சாலை போடப்போகிறார்கள். "அங்கே இருந்தது எலும்பு மட்டும்தான்" என்று நான் எழுதிக் கொடுத்தபிறகே அனுமதி கிடைத்ததாம். எலும்பெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிறகென்ன?

பிப்ரவரி 10

வீட்டுக்காரர் தொலைபேசியில் வந்தார். வடமலையில் கூடாரம் போட்டு உயிருள்ள குரங்குகளின் பின்னால் அலைகிறவர். வீட்டில் அவருக்குக் குரங்காட்டி என்று பெயர், நான் எலும்புக்காரி.

"தெற்குப் பக்கம் ஒரு சத்தம் கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச எந்தக் குரங்கும் அப்படிக் கத்தாது."

"ஏதாவது பறவையா இருக்கும். வயசானா காது அப்படித்தான்," என்றேன். மனிதர் சிரிக்கவேயில்லை.

பிப்ரவரி 17

காலக்கணிப்பு ஆய்வகத்து அம்மா அழைத்தார். புதுக் கருவியைச் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு பல் கேட்டிருந்தார், அனுப்பியிருந்தேன்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மாத்தி அனுப்பிட்டீங்களா? இது பழசே இல்ல. அணுகுண்டு சோதனைக்கு அப்புறம் காத்துல கலந்த கரி இதுல இருக்கு. செத்து நாப்பது வருஷம்கூட ஆகியிருக்காது."

மாற்றி அனுப்பவில்லை. என் குட்டைக் குரங்கின் தாடையிலிருந்து என் கையால் எடுத்த பல்.

எழுத வரவில்லை.

பிப்ரவரி 18

எப்படி? எப்படி?

பல் துலக்கும்போதுதான் உறைத்தது. பசை! குகை ஈரத்தில் அந்த எலும்புகள் பிஸ்கட் மாதிரி உதிரும். எடுத்த கையோடு பசையில் ஊறவைப்பேன் — எல்லாரும் செய்வதுதான். பெட்ரோலியத்திலிருந்து செய்கிற பசை. அதிலிருக்கும் கரி யுகயுகமானது, ஆய்வகத்தில் வயதைக் கணிப்பதோ கரியை வைத்துத்தான். மூவாயிரம் ஆண்டு என்று சொன்ன முதல் சோதனைக்குப் போன துண்டு அதில் ஊறியது. கழுவித்தான் அனுப்பினேன், பசை முழுக்கப் போகவில்லை. இந்தப் பல்லோ இன்னும் முளைக்காமல் தாடைக்குள் புதைந்திருந்தது, பசை படவில்லை. ஆக, நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது குரங்கின் வயதே அல்ல.

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அது மரத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அடக் கடவுளே. அவர் கேட்ட சத்தம்?

பிப்ரவரி 19

வன அதிகாரியிடம் ஓடினேன்.

"இப்பவும் அங்க இருக்கலாம் சார்."

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானேம்மா? இருக்கலாம்னு சொல்லி ரம்பத்தை நிறுத்த முடியாது. உயிரோட இருக்குன்னு ஏதாவது காட்டுங்க, நிறுத்தறேன். நாளன்னிக்கு வெட்ட ஆரம்பிக்கறாங்க."

அவர்மேல் தப்பில்லை. வெளியே வந்து வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். குத்திக்காட்டுவார் என்று பயந்தேன். "பூட்ஸ எடுத்துக்கிட்டுக் கிளம்பி வா," என்றார்.

பிப்ரவரி 21

தென்மலை. மழை. ரம்பம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மரம் சாயும்போதும் அண்ணாந்து கிளைகளைத் தேடுகிறேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. என் ஒரு வரியை நம்பித்தான் வெட்டுகிறார்கள்.

பிப்ரவரி 23

காலையில் குரங்காட்டி ஒரு பழத்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"இதப் பாரு. எங்க குரங்குங்க இப்படிக் கடிக்காது."

வாங்கிப் பார்த்தேன். கடித்த இடத்தின் நடுவில் சதை மெல்லிய வரப்பாக நின்றது. என் தாடைகள் எல்லாவற்றிலும் முன்பற்களுக்கிடையே அரிசியளவு இடைவெளி உண்டு. இந்தத் தீவில் வேறெந்தப் பிராணிக்கும் கிடையாது. பையிலிருந்த குட்டைக் குரங்குத் தாடையின் பிளாஸ்டர் அச்சை எடுத்து அதன்மேல் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. என் விரலில் சாறு வழிந்தது. இன்னும் காயாத சாறு.

படங்களை அதிகாரிக்கு அனுப்பினோம். மதியத்துக்குமேல் ரம்பச் சத்தம் இல்லை.

அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மேலே ஒரு கிளை அசைந்தது, காற்றே இல்லை.

"பேரு வெச்சவ நீதானே," என்றார் மெதுவாக. "கூப்பிடு பாக்கலாம்."

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.