ஜமுனாமரத்தூரில் சீனக் கவிதை படித்த ஹவில்தாருக்கு

என் பிரியமான அண்ணா,

நீ போன பிறகு வந்த முதல் சாமை அறுவடை முடிந்தது. விளைச்சல் பரவாயில்லை. ஆனால் உன்னிடம் கேட்க வேண்டியது வேறு.

போன வாரம் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எல்லையில் சண்டை என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த வருடம், மஃப்டியில் வந்து உன்னை விசாரித்துவிட்டுப் போனாரே, அதே போலீஸ்காரர். இப்போது ரிடையர் ஆகிவிட்டாராம்.

"உங்க அண்ணன் தமிழ்ல எழுதி வச்ச அந்தச் சீனக் கவிதைங்கள ஒரு தபா படிச்சிட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. செத்தவனைக்கூட விடமாட்டார்களா?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நீ ராணுவத்தில் ஹவில்தார். எல்லைப் பனியில் காவல் நின்றவன். அங்கே இருந்தபோதுதான் உன்னைச் சீன மொழி படிக்க அனுப்பினார்கள். ஊர் திரும்பியபோது டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கவிஞரையும் கூடவே கொண்டுவந்தாய். அவர் பெயர் கடைசிவரை என் வாயில் நுழையவே இல்லை.

அவர் கதை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நாம் இருவரும் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். ராஜாவிடம் பெரிய பதவியில் இருந்தவர், பக்கத்து நாட்டை நம்பாதீர்கள் என்று எச்சரித்தவர் என்றாய். பொறாமை பிடித்தவர்கள் ராஜாவின் காதில் ஏதோ ஓதினார்கள். ராஜா நம்பினான், அவரைத் துரத்தினான். ஆற்றங்கரைகளில் அலைந்துகொண்டே தன் நாட்டைப் பற்றியே எழுதினார். தலைநகரம் எதிரியிடம் விழுந்த செய்தி கேட்டு, அந்த ஆற்றிலேயே உயிரை விட்டார்.

"அந்த ராஜாவ அவரு திட்டவே இல்லியா?" என்று கேட்டேன்.

"திட்டினாரு. ஆனா ஊர விட்டுக் குடுக்கல" என்றாய்.

எல்லையில் சண்டை நடந்த அந்த வருடம் டீக்கடை கோவிந்தசாமி எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டான். "இன்னாண்ணே, சீனாக்காரன் புக்கு படிக்கிறியாமே? அவன் நம்ம பசங்கள அடிக்கிறான், நீ அவன் பாட்டப் படிக்கிற!"

"இவரு செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆவுதுடா" என்று சிரித்தாய் நீ. அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் போலீஸ் வந்தது. அதற்குப் பிறகு சுதந்திர தினத்தன்று கொடியேற்ற உன்னைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடவில்லை. வருடா வருடம் நீ ஏற்றிய கொடி. நீ யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று சல்யூட் அடித்துவிட்டு வந்தாய். அன்றோடு கோவிந்தசாமியுடன் பேச்சை நிறுத்தினேன். புகார் கொடுத்தது அவன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

வந்தவரை உட்காரவைத்து அதைத்தான் கேட்டேன். "யாருங்க எங்கண்ணன் மேல எழுதிப் போட்டது?"

அவர் சொன்னார்: "யாரும் எழுதலம்மா. அவரேதான் ஸ்டேஷனுக்கு வந்தாரு. 'ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. எங்கிட்ட சீனப் புஸ்தகம் இருக்குது. நீங்களே வந்து பாத்துட்டுப் போயிடுங்க'ன்னாரு. சந்தேகப்பட ஒண்ணும் இல்லன்னுதான் நானும் மேல சொன்னேன். வூட்ல தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னாரு."

நிஜமா அண்ணா? நீயேதான் போனாயா?

இருக்கலாம். நீ அப்படிப்பட்ட ஆள்தான். ஆனால் எவனையோ காப்பாற்ற இவர் கட்டிய கதையாகவும் இருக்கலாமே? சந்தேகம் இல்லை என்று சொன்னவர், அதைப் பள்ளிக்கூடத்தில் வந்து ஏன் சொல்லவில்லை? கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருக்கணும்மா" என்றார், அவ்வளவுதான்.

உன் தாள்களை அவர் கையோடு எடுத்துப்போக விடவில்லை. என் எதிரில் உட்கார்ந்தே படிக்கச் சொன்னேன். கடைசி பஸ் வரும்வரை படித்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆற்றங்கரைக் கவிதைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "விசாரிக்க வந்த அன்னிக்கு இதத்தான் எனக்குப் படிச்சிக் காட்டினாரு" என்றார். கண் கலங்கியிருந்தது. அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

இப்போது சந்தேகம் உன் மேலும் வந்துவிட்டது. கோவிந்தசாமி வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகாதபோது, "அவங்கிட்ட பேசு பாப்பா" என்று மட்டும் சொன்னாயே. ஏன் பேச வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? ஸ்டேஷனுக்குப் போனது அவ்வளவு அவமானமாக இருந்ததா? நான் அழுவேன் என்று பயந்தாயா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ தமிழாக்கிய கவிதைகளைப் புத்தகமாகப் போடுவேன். அட்டையில் அந்தக் கவிஞர் பெயருக்குக் கீழே, ராணுவப் பதவியோடு உன் பெயர் இருக்கும். முதல் பிரதியைக் கோவிந்தசாமியிடம் நானே கொடுப்பேன். கொடுக்கும்போது அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். அவன் பார்வை தாழ்ந்தால், புகார் கொடுத்தது அவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். தாழாவிட்டால், உன் மேல் சத்தியமாக, அங்கேயே நின்று அவனிடம் வாய் திறந்து பேசுவேன்.

இப்படிக்கு,
யாரையும் லேசில் நம்பாத உன் தங்கச்சி,
சாந்தி