அடுப்பை எண்ணிய வாரம்

தை 5, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கேஸ் பதிய வேண்டும். இட்லி அரிசி தீர்ந்தது.

ஓரகத்தி செல்வி அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. சாம்பாரில் உப்பு கூடுதல் என்று சொன்னேன், அவ்வளவுதான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாங்கள் இருக்கும் மாடிக்குத் தனியாக ஒரு கரண்ட் அடுப்பு. ஆன்லைனில் ஆர்டர் போட்டாயிற்று. இனி அவரவர் சமையல்.

விருதுநகர் பஸ்ஸில் ஆமத்தூர் வரை நின்றபடி. ஆபீசில் இடி காத்திருந்தது. எல்லா வீடுகளையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிற வீடு என்ன சம்பாதிக்கிறது? தாலுகா வாரியாக, கணக்கெடுப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும், அதைக் கணக்கிடுவதுதான் என் வேலை. மற்ற தாலுகாக்களில் கிராஃப் கோடு ஏறுகிறது. சிவகாசியில் மட்டும் இந்தச் சுற்றில் தலைகுப்புற விழுந்து கிடக்கிறது.

சென்னையிலிருந்து டைரக்டர், வீடியோவில்: "நம்புற மாதிரி இல்லையேம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லைன்னா வருமான மேப்ல சிவகாசியை வெள்ளையா விட்டுடலாம்."

வெள்ளையாம்! நாடு முழுக்க வெடியும் காலண்டரும் அனுப்புகிற ஊர், மேப்பில் மட்டும் ஓட்டை. நான் பிறந்த ஊர்.

தை 6, செவ்வாய்

மேகமூட்டம். செருப்பு வார் அறுந்தது.

காலை முழுக்கப் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் அச்சாபீஸ்களுக்கும் போன். எல்லோரும் ஒரே பாட்டு. "ஆர்டருக்கு என்ன குறைச்சல்? ஆளுதான் கெடைக்கல." கூலி குறையவில்லை, வேலை குறையவில்லை. பிறகு எங்கே போய் விழுந்தது என் கோடு?

சாயங்காலம் அக்கா ரேஷன் கடையிலிருந்து வந்தாள். அவள் கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு, என் கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு. இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன முழிக்கே? கார்டு ரெண்டுன்னா டப்பாவும் ரெண்டு வைக்கணுமோ? அடுப்பு ஒண்ணுதான?"

சண்டைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பிடிக்கவில்லை. கோபம் பாக்கி இருந்தது.

விஷயம் இதுதான். முந்தைய சுற்றுகளில் வீடு வீடாகப் போனோம். ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இந்த முறை சிவகாசியில் சீசன் நேரம், வீட்டில் ஆள் இருக்காது என்று ரேஷன் கார்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டோம். மகனுக்குக் கல்யாணமானால் தனிக் கார்டு. ஒரு வீடு இரண்டாகி, ஒவ்வொன்றுக்கும் பாதி வருமானம். நடுவீடு சரியாமல் என்ன செய்யும்?

தை 7, புதன்

சரிபார்க்கத் திருத்தங்கலில் வீடு வீடாக. புதுச் செருப்பு கடிக்கிறது.

"எத்தனை குடும்பம் இருக்கீக?"

"ரெண்டு. தனித்தனி." அந்த அம்மா கண்ணைச் சிமிட்டவில்லை. கார்டை வெட்டிவிடுவார்கள் என்று பயம். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். கார்டு பேச்சையே விட்டுவிட்டேன்.

"இன்னைக்கு யாரு சமைச்சது?"

"மருமக."

"எல்லாத்துக்குமா?"

"பெறகு? ஆளுக்கொரு சட்டி வைக்க நாங்க என்ன ஓட்டலா நடத்துறோம்?"

தெருவில் நின்றே சிரித்தேன். இனி எல்லா வீட்டிலும் இதுதான் கேள்வி.

தை 8, வியாழன்

எழுத நேரமில்லை. ஆபீசே கிளம்பிவிட்டது, பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் போனில். "யாரு சமைச்சது?" கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது. "எதுக்கு? சாப்பிட வாறீகளா?" என்று ஒரு தாத்தா.

தை 9, வெள்ளி

ஏறிவிட்டது!! ஓரடுப்பு வீடுகளைச் சேர்த்துப் போட்டதும் கோடு நிமிர்ந்து நின்றது. பக்கத்துத் தாலுகாக்களோடு தோளுக்குத் தோள்.

டைரக்டர் பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு: "பிரமாதம்மா. அடுத்த சுற்றுல இருந்து எல்லா தாலுகாவுலயும் உங்க கேள்விதான்."

என் கேள்வி! ஆபீசில் போண்டா, டீ. நான் மூன்று போண்டா. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

தை 10, சனி

நல்ல வெயில். மேப் பிரிண்ட் வந்தது. சிவகாசி பச்சை. கண்ணைப் பறிக்கிற பச்சை. சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் விரித்தேன். மாவுக் கையோடு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நம்ம வீடு எங்கன இருக்கு?"

"இந்தப் பச்சைக்குள்ளதான்க்கா. நீ சொல்லித்தான் இந்தப் பச்சையே வந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?" என்றாள். சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல் பக்கம் கை காட்டினாள். "ஒனக்கு ஒரு பொட்டி வந்து கெடக்கு. என்னதுடி அது, அடுப்புப் படம் போட்டிருக்கு?"

மாட்டிக்கொண்டேன்.

"நாளைக்கு ஒன் ஆளுக வந்து யாரு சமைச்சதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

பெட்டியைப் பிரிக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆன்லைனில் போட்டாயிற்று.

ராத்திரி சாம்பார். உப்பு கூடுதல்தான். இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.