நாற்பது யூனிட்

மார்ச் 3

ஊசி டீச்சரம்மாவுக்கு,

நலம். நீ கோபித்துக்கொண்டு, நோயாளிகளுக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏழு வருடமாகிறது. காரியம் என்று வந்ததும் எழுதுகிறான் பார் என்று திட்டாதே. எனக்குக் காது சுத்தமாக அடைத்துவிட்டது, போனில் பேச வழியில்லை.

சர்க்கரை இறங்குவேனா என்கிறது. இருபதில் ஆரம்பித்த இன்சுலினை டாக்டர் ஏற்றி ஏற்றி நாற்பது யூனிட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நீ அன்று காட்டிய இடத்தில்தான், தொப்புளுக்கு வலப்பக்கம், தினமும் போட்டுக்கொள்கிறேன். அங்கே எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று வீங்கியிருக்கிறது. குத்தினால் வலியே இல்லை, சௌகரியம்தான். ஊசியை வாரத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். வேறென்ன செய்ய?

உன் டெய்லர்

மார்ச் 8

என் வீட்டுக்காரருக்கு,

துணியில் ஊசி மழுங்கினால் தூக்கி எறிகிற மனிதர், சொந்த வயிற்றை ஒரே ஊசியால் வாரம் முழுக்கக் குத்துவீர்களா? அது கொழுப்புக் கட்டி. ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்தது. அதில் போடுகிற மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இனி அந்த இடத்தைத் தொடாதீர்கள். தொடையில் போடுங்கள், தினமும் இரண்டு விரல் தள்ளி. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. மருந்தை ஏற்றிப் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமையில்லை.

உங்கள் மனைவி

மார்ச் 10

என்னங்க,

இன்று வகுப்பில் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "இடத்த மாத்துனா மருந்து முழுசா வேலை செய்யும். டாக்டர்கிட்ட கேட்டு அளவைக் குறைங்க. இல்லேன்னா சர்க்கரை தடதடன்னு இறங்கி உயிருக்கே ஆபத்து." அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் சொல்வதை உங்களுக்கு எழுதவில்லை. கோபத்தில் விட்டுவிட்டேன்.

உங்கள் தையல் கடை லேண்ட்லைனை அடித்துக்கொண்டே இருக்கிறேன், அங்கே வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் வைக்க மனம் வரவில்லை. விரைவுத் தபாலுக்கும் நான்கு நாளாம். எட்டாம் தேதி எழுதிய அந்தக் கடிதம் இதற்கு இரண்டு நாள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு டிக்கெட் பதினாறாம் தேதிக்குத்தான் கிடைத்தது. நான் என்ன செய்வேன்? டாக்டரைப் பார்க்காமல் தொடையில் நாற்பது போட்டுவிடாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மார்ச் 12

டீச்சரம்மாவுக்கு,

உன் எட்டாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. ஏழு வருடம் கழித்து உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டு தரம் படித்தேன், சந்தோஷமாக இருக்கிறது. உடனே போய்ப் புது ஊசி ஒரு பெட்டி வாங்கிவந்தேன். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து தொடையில் போட்டுக்கொள்வேன். பத்தும் எண்ணுவேன். டாக்டர் சொன்ன நாற்பதில் ஒரு யூனிட்கூடக் குறைக்க மாட்டேன், கவலைப்படாதே.

உன் டெய்லர்