அலகுத் திமிங்கிலத்தின் காது

வெள்ளவத்தை,
11.02.2001

அன்பின் அத்தானுக்கு,

சுகமா? நேற்றுக் காலை தண்டவாளத்துக்கு அப்பால், கரையில் மூன்று திமிங்கிலங்கள் ஒதுங்கின. பறவையைப் போல அலகு! ஆழ்கடலை விட்டு வராத சாதி. பத்து வருடமாக விலங்கியல் படிப்பிக்கும் நான் படத்தில் மட்டும் பார்த்தது. இரண்டு இறந்துவிட்டன. சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூன்றாவதை எல்லோருமாகத் தள்ளினோம். போய்விட்டது அத்தான், நீந்திப் போய்விட்டது!

இறந்தவற்றின் காதோரம் இரத்தம்; கமெராவில் படம் எடுத்தேன். சிங்கி இறால் பிடிக்கக் கடலில் முங்கும் செபஸ்தியன் சொன்னார்: "மிஸ், முந்தாநாள் வெளிக்கடல்ல பெரிய கப்பலுகள் நிண்டது. தண்ணிக்குள்ள விசில் ஊதின மாதிரி ஒரு சத்தம். பல்லெல்லாம் கூசிப்போச்சு."

நீர்மூழ்கியைத் தேட ஒலி அனுப்புவார்களே, சோனார், அதுதானே? உங்கள் கம்பனி செய்வதும் அதுதானே? அந்தச் சத்தம் எவ்வளவு பலமானது? உடனே எழுதுங்கள்!

உங்கள்
அருந்ததி

பேர்கன், நோர்வே
25.02.2001

அன்பின் அருந்ததிக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸில் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன். ஆனாலும் கப்பல், கடற்கரை என்றெல்லாம் எழுதாதே. ஒரு தமிழ்ப் பெண் கமெராவோடு கரையில் நின்றால் இந்தச் சண்டைக் காலத்தில் என்ன நினைப்பார்கள்? மார்ச் எட்டாம் திகதி உனக்கு விசா நேர்முகம். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது. அதுவரை பேசாமல் இரு. கம்பனி விஷயத்தை வெளியே சொல்லமுடியாது. அந்தச் சம்பளத்தைக் காட்டித்தான் உன்னை இங்கே கூப்பிடுகிறேன்.

காதில் இரத்தம், நிச்சயமா?

நாகேந்திரம்

வெள்ளவத்தை,
10.03.2001

அன்பின் அத்தானுக்கு,

கோபிக்காதீர்கள். எட்டாம் திகதி காலை கோப்பும் கையுமாக வெளிக்கிட்டேன். வாசலில் செபஸ்தியன். "மிஸ், இன்னும் ரெண்டு வந்திருக்கு! நேத்தும் அதே சத்தம்."

ஓட்டோவைத் தூதரகத்துக்கு விடவில்லை. கரைக்கு விட்டேன்.

ஒன்று அப்போதுதான் இறந்திருந்தது. செபஸ்தியனின் கத்தியால் உள்காதைத் திறந்து பார்த்தேன். உறைந்த இரத்தம். நிச்சயம், அத்தான்! படங்கள் இத்துடன்; காதெலும்புகளை எடுத்து வைத்திருக்கிறேன். பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்து என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "மே மொகத, நோனா?" என்றார், இது என்ன என்று. இது காது என்று சிங்களத்தில் சொன்னேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி மற்றதைத் தள்ளினார்!

இனி விசா எப்போது கிடைக்குமோ. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சத்தத்தை விற்று வரும் சம்பளத்தில் குடியிருக்க எனக்கு மனமில்லை. என்னை ஏசி எழுதுங்கள், தாங்குவேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அருந்ததி

பேர்கன்,
26.03.2001

என் அருந்ததிக்கு,

மூன்று நாள் உன்னோடு கோபம். நாலாம் நாள் உன் படங்களைக் கம்பனிக் கூட்டத்தில் மேசை முழுக்கப் பரப்பினேன். யார் எடுத்தது என்றார்கள். "என் மனைவி" என்றேன். பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும்! மேலாளர் படங்களைக் கவிழ்த்து வைத்து, அது நமது வேலை இல்லை என்றார். வேலையை விட்டுவிட்டேன்.

இங்கே கடலாய்வு நிலையத்தில் ஓர் அம்மா உன் படங்களை இரண்டு மணித்தியாலம் பார்த்தார். அந்தக் காதெலும்புகள் வேண்டுமாம். தபாலில் அனுப்பாதே, உடைந்துவிடும். சத்தம் எவ்வளவு பலம், எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டாய். உனக்குப் பக்கத்தில் இருந்து கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஏப்ரல் ஒன்பதாம் திகதி வந்து இறங்குகிறேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வராதே. அன்றைக்கும் ஏதாவது ஒதுங்கினால் நீ கரையில் நிற்கவேண்டும். நான் பெட்டியோடு நேரே அங்கே வருகிறேன்.

உன்
நாகேந்திரம்