ஸ்கான் அறைக்கு வெளியே நின்ற அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை வவுனியாவில் ஸ்கான் கட்டிலில் படுத்திருந்தேன். தாதி மிஸ்ஸி என் அடிவயிற்றில் அந்தக் குளிர்ந்த களிம்பைப் பூசியதும் உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. கதவுக்கு வெளியே யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது.

முதல் தடவை நாம் இருவரும் ஸ்கானுக்குப் போனபோது எனக்கு இருபத்துநான்கு வயது. மாதா கோயில் வளவில் இருந்த முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாதம் முழுவதும் அடிவயிற்றில் நோ இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "வயித்து நோ" என்று மட்டும் சொல்லி வந்தேன். நீங்களும் அதற்கு மேல் கேட்கமாட்டீர்கள். பனங்கட்டியும் இஞ்சியும் போட்டுத் தேத்தண்ணி வைத்துத் தருவீர்கள். ஒருநாள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதே நிலத்தில் சரிந்து விழுந்தேன். முல்லைத்தீவில் பார்த்த டொக்டர், அடிவயிற்றை ஸ்கான் எடுத்துப் பார்க்கவேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்று நீங்களாகவே முடிவெடுத்தீர்கள். இரத்தம் சோதிக்க அப்படித்தானே போவோம். பஸ்ஸில் நான் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வவுனியாவில் இறங்கியதும், பிறகு வசதிப்படாது என்று சலமும் கழித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்த இரண்டுமே பிழை என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கர்ப்பிணிகள். நீங்கள் மட்டும்தான் ஆண். சேர்ட்டின் மேல் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றீர்கள்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் கருவியை வயிற்றில் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினார்.

"சலப்பை வெறுமையாக் கிடக்கு. ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. உள்ளால பாக்கவேண்டி வரும். கலியாணம் முடிச்சாச்சோ?"

"இல்லை."

அவர் மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். உள்ளால என்றால் என்ன என்று எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. விளங்கிய அந்த அரையே போதுமாக இருந்தது. "அப்பாட்டைக் கேக்கவேணும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வெளியே வந்தேன்.

உங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். கதவைத் தட்டி, வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டீர்கள்.

"டொக்டர், பிள்ளைக்கும் விளங்கேல்லை, எனக்கும் விளங்கேல்லை. எங்களுக்கு விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் காத்திருந்த ஆட்களை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு கதிரையைத் திருப்பி வைத்து எங்கள் இருவருக்கும் சொன்னார். கருப்பைக்கு முன்னால் சலப்பை இருக்கிறது. அது நிரம்பினால்தான் பின்னால் இருப்பது மேலாலே தெரியும். உள்ளால பார்ப்பது, பிறப்புவழியாக மெல்லிய கருவி ஒன்றை வைத்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் சில விஷயங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் ஒருவரும் அதைச் செய்யமாட்டார்கள். விருப்பமில்லை என்றால் தண்ணீர் குடித்து, சலப்பை நிரம்பும் வரை இருந்துவிட்டு வரட்டும், மேலாலேயே பார்ப்போம்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

அந்த நாள் முழுவதும் அதை என்னிடம் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

"தண்ணி குடிக்கிறன் அப்பா."

கடைக்குப் போய்ப் போத்தல்களோடு வந்தீர்கள். மீன்பிடிக்கக் கடலுக்குப் போனால் கொண்டுபோகும் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துப் பழகியவர் நீங்கள். அன்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று என்னைக் குடிக்க வைத்தீர்கள். நான் தனியே குடிக்கக்கூடாது என்பதுபோல் நீங்களும் குடித்தீர்கள். பிறகு நீங்கள் பின்பக்கம் போய்ப் போய் வந்தீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஜசிந்தாக்கா வந்தா. மருமகளோடு வந்திருந்தா.

"என்ன பிள்ளை, நீ இஞ்ச?"

அவாவின் கண் என் வயிற்றில் நின்றது. அப்போது எங்களுக்குத் தெரியாமல் உள்ளே இருந்த கட்டியாலும், குடித்த தண்ணீராலும் வயிறு மேடாகித்தான் இருந்தது. "வயித்து நோ" என்றீர்கள். "ஓ" என்றா ஜசிந்தாக்கா. அந்த ஒற்றை எழுத்து வீடு வரைக்கும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேரும் என்று இருவருக்கும் தெரிந்தது.

இரண்டாம் முறை டொக்டர் வயிற்றை அழுத்தியபோது அந்த இடத்திலேயே சலம் போய்விடும் போலிருந்தது. மிஸ்ஸி என் தோளில் கை வைத்து, "கொஞ்சம் பொறும்மா, இப்ப முடிஞ்சிடும்" என்றா. டொக்டர் பேசுவதை நிறுத்திவிட்டார். திரையில் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். அந்த மௌனம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நோவாக இருந்தது.

"வலப்பக்கச் சூலகத்தில பெரிய கட்டி. முறுகத் தொடங்கியிருக்கலாம். வீட்டுக்குப் போகவேண்டாம். இண்டைக்கே ஆஸ்பத்திரியில நில்லுங்கோ."

அன்றே வாட்டில் சேர்த்தார்கள். கட்டியோடு சேர்த்து ஒரு பக்கச் சூலகத்தையும் எடுக்கவேண்டி வந்தது. மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது நீங்கள் கட்டில் ஓரத்தில் நின்று பெரிய டொக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"மற்றப் பக்கம் இருக்குத்தானே? பிள்ளை பெறலாமோ?"

"ஓம் ஐயா, பெறலாம்."

நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டதை அரைக்கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கதை எங்களுக்கு முந்தி வந்திருந்தது. கலியாணம் கட்டாத ரீச்சர் வவுனியாவில் வயிற்றைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாவாம். இரண்டு தாய்மார் பிள்ளைகளை முன்பள்ளியிலிருந்து நிற்பாட்டினார்கள். கோயில் சபையிலிருந்து ஒருவர் வந்து, "கொஞ்ச நாளைக்கு ஆறுதலா இரும்" என்றார். வெட்டுக் காயத்தில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தேன். நீங்கள் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பீர்கள், போவீர்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நீங்களும் வெட்கப்படுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் அந்தத் தாய்மார் தாங்களாகவே வந்து, "ரீச்சர் எப்ப வருவியள்?" என்று கேட்டார்கள். சபையிலிருந்தும் கூப்பிட்டார்கள். சுவாமி ஏதாவது பிரசங்கத்தில் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். உங்களிடம் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

உங்கள் செத்தவீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. சொன்னவா ஜசிந்தாக்கா. உங்கள் பெட்டிக்கு அருகில் என் பக்கத்தில் வந்து இருந்து, நெடுநேரம் விசும்பிவிட்டுச் சொன்னா.

"அண்டைக்குக் கரைவலை இழுத்துக்கொண்டு நிண்டவை. மீன் வாங்க நாங்களும் நிண்டனாங்கள். உன்ர அப்பா கயிறை விட்டிட்டு எல்லாரையும் பாத்துச் சொன்னார், 'என்ர மகளுக்குச் சூலகத்தில கட்டி. ஒரு பக்கச் சூலகத்தை எடுத்தாச்சு. ஸ்கான் பிள்ளைத்தாச்சியளுக்கு மட்டுமில்லை. உங்கட வீடுகளிலயும் பொம்பிளையள் இருக்கினம். நோ எண்டு சொன்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. இனி ஆருக்கும் கேள்வி இருந்தால் என்னட்டைக் கேளுங்கோ' எண்டு. என்ர முகத்தை அவர் பாக்கவே இல்லை. ஆனா அது எனக்குத்தான் எண்டு எனக்குத் தெரியும். அடுத்த மாசம் என்ர மகளையும் கூட்டிக்கொண்டு போனனான்."

அப்பா, சூலகம் என்ற அந்தச் சொல்லை நீங்கள் கரையில், அத்தனை ஆண்களுக்கு நடுவில் சொன்னீர்கள். என்னோடு இருக்கும்போது அதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வாய்க்குள் எத்தனை தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனீர்களோ.

இன்று எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். போன மாதம் இடப்பக்கம் நோ தொடங்கியது. மிச்சமிருக்கும் பக்கம். தண்ணீர் குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு போனேன். மேலாலே பார்த்தார்கள். போதாது என்றார்கள். இம்முறை என்ன செய்வார்கள் என்பதைக் கேட்டு விளங்கிக்கொண்டு ஓம் என்றேன். சலம் கழிக்க விட்டார்கள். போர்வையால் மூடினார்கள். மிஸ்ஸி பக்கத்தை விட்டு நகரவில்லை. நோ இல்லை, ஒரு அந்தரமும் கூச்சமும்தான். நிற்பாட்டச் சொன்னால் நிற்பாட்டுவோம் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தா. நான் சொல்லவில்லை.

சிறிய கட்டி ஒன்று இருக்கிறதாம். தானாகவே வற்றவும் கூடும். மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கவேண்டும், அதற்குள் நோ கூடினால் உடனே வரவேண்டும். இவ்வளவுதான் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என் மடியில் இருந்த ஸ்கான் உறையைப் பார்த்துச் சிரித்தா.

"எத்தினை மாசம்?"

"பிள்ளை இல்லையக்கா. சூலகத்தில கட்டி."

அவா சிரிப்பை நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. பஸ் நெடுங்கேணி தாண்டியது. பிறகு தலையை என் பக்கம் சாய்த்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டா.

"ஸ்கான் எடுக்கேக்க நோகுமோ தங்கச்சி? எனக்கும் எழுதித் தந்தவை. பயத்தில போகேல்லை."

நான் சொல்லத் தொடங்கினேன், தண்ணீர் குடிப்பதிலிருந்து. முன் சீற்றில் இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஒட்டுசுட்டானில் நின்று ஆட்களை இறக்கி ஏற்றியது. நான் குரலைத் தாழ்த்தவில்லை, அப்பா.