பந்தியில் போட்ட கையெழுத்து

ஏப்ரல் 18, 2004. ஞாயிறு

மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றிப் பேசத்தான் கீழ்வீட்டு பாலச்சந்திரனிடம் போனேன். எங்கள் ஔந்த் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரெட்டரி அவர். மழைக்கு முன் மாடியைப் பூசக் கமிட்டி ஒப்புக்கொண்டாயிற்று. வேலை உத்தரவில் அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. போன மழைக்காலத்தில் என் மனைவி கோதை ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாகச் சமைத்தாள். மிகையல்ல, பார்த்ததை எழுதுகிறேன்.

"சாப்ட்டுட்டுப் பேசலாம், பக்தா" என்றார். அவர் மனைவி சரசாவின் வத்தக்குழம்பு. நான் முப்பது வருட நிருபன். பிரஸ் மீட்டில் கேள்வி கேட்டு முடிக்கும்வரை தட்டைத் தொட்டதில்லை. இன்று தொட்டேன்.

பாயசத்தோடு ஒரு விண்ணப்பமும் வந்தது. பாங்கிலிருந்து ஓய்வு பெற்றபின் பாலா இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கையெழுத்து வாங்கப் போனவன், கையெழுத்துப் போட்டு, செக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 19

கோதை பேசவில்லை. ரசம் பேசியது. உப்பில்லை.

மே 3

பாலிசி கூரியரில் வந்தது. கூடவே வந்த கடிதத்தின் கடைசிப் பத்தி: பத்திரம் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள், நிபந்தனைகள் பிடிக்காவிட்டால் காரணம் எழுதித் திருப்பலாம். சில பிடித்தங்கள் போகப் பணம் வரும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அல்ல, கைக்கு வந்த நாளிலிருந்து! பாலா இதைச் சொல்லவேயில்லை. நான் கேட்டேனா? வாயில் அப்பளம்.

மே 5

திருப்பினால் பாலாவின் கமிஷன் போகும், கோபம் வரும், மாடி உத்தரவு அவர் மேஜையிலேயே தூங்கும். திருப்பாவிட்டால், சொந்தச் செலவிலாவது பூசலாம் என்று வைத்திருந்த பணம் போச்சு. எப்படிப் பார்த்தாலும் குடை.

கோதையிடம் கேட்டேன்.

"உங்க சிநேகிதத்துக்கு நான் நனையணுமாக்கும்? திருப்புங்கோ."

காரணம் எழுத வேண்டுமே?

"சமையல்கட்டு ஒழுகறதுன்னு எழுதுங்கோ."

அப்படி எழுதவில்லை. வருடாவருடம் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஒரே தடவை என்று நினைத்தேன் என்று எழுதினேன். உண்மையும் அதுதான். பதிவுத் தபாலில் போயிற்று, ஒப்புகை அட்டையுடன்.

மே 19

மாடிப்படியில் பாலா. "அரே பக்தா, ஏக் ஃபோன் தோ கர்தே! ஒரு ஃபோன் பண்ணப்படாதா? எங்காத்துல சாப்ட்டுட்டு இப்படியா?"

"வத்தக்குழம்பைத் திருப்பறதுக்குத்தான் சட்டம் இடம் தரலை, பாலா."

சொல்லியிருக்க வேண்டாம். இனி மாடி வேலை மழையெல்லாம் முடிந்து தீபாவளிக்குத்தான்.

மே 22

சாயங்காலம் இடியோடு மழை. பக்கெட் வைத்தோம். இன்ஷூரன்ஸ் பணம் இன்னும் வரவில்லை.

மே 30. ஞாயிறு

வாசலில் பாலா. பின்னால் சரசா, கிட்டத்தட்ட அவரைத் தள்ளிக்கொண்டு. நேற்று டெக்கன் பக்கம் ஒரு ஹோட்டலில், அதிர்ஷ்டத் தம்பதி என்று கூப்பிட்டு விருந்து வைத்து, மலைவாசஸ்தல விடுமுறை கிளப்பில் ஆயுள் உறுப்பினராக்கி, செக்கும் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"பஃபே நன்னாத்தான் இருந்தது" என்றார் பாலா, ஈனஸ்வரத்தில்.

"ஊருக்கெல்லாம் சாதம் போட்டுக் கையெழுத்து வாங்கின மனுஷன், ரெண்டு கரண்டி ஐஸ்கிரீமுக்கு விழுந்துட்டார்!" என்றாள் சரசா.

"அந்தப் பதினஞ்சு நாள் இதுக்கும் உண்டோல்லியோ, பக்தா?"

"அது இன்ஷூரன்ஸுக்கு. கிளப்புக்கு அப்படிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாத்தான் உண்டு."

வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது: பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் ரத்து. கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தேன்.

"நிதானமாப் படிக்கணும். முதல்ல சாப்பிடுங்கோ."

மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட். பாயசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கோதை மாடி வேலை உத்தரவை வைத்தாள், என் பேனாவோடு. பாலா என்னைப் பார்த்தார், கோதையைப் பார்த்தார், பாயசத்தைப் பார்த்தார்.

"போடுங்கோ" என்றாள் சரசா.

போட்டார். பிறகு இரண்டாம் பக்கத்தைக் காட்டி, ரத்துக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

போகும்போது கேட்டார்: "மாடி உத்தரவை ரத்து பண்ண எத்தனை நாள்?"

"நாளைக்குக் காலம்பறயே தார் ஏத்தறா" என்றாள் கோதை.

ஜூன் 12

விடிந்ததிலிருந்து நல்ல மழை. கோதை பக்கெட்டைக் குளியலறைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். கிளப் பணம் வந்துவிட்ட சந்தோஷத்தில் பாலா நாளைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.